கொஸ்ட்கோ உறுப்பினர் அட்டை: மூன்று பேர் உள்ள குடும்பத்துக்குச் செலவு மீளுமா?

கேள்வி: புலோலியூரான்

அனைவருக்கும் வணக்கம். நானும் மனைவியும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவுக்கு வந்து, இப்போது ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு எட்டு மாதக் குழந்தை ஒன்று உண்டு. வேலைக்குப் போவது நான் ஒருவன் மட்டுமே என்பதால் மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது மிகக் குறைவு. இருபது டொலர் செலவானாலும் யோசித்தே செய்ய வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

நோ ஃப்ரில்ஸ் கடை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அரிசி, மீன், கறிவேப்பிலை, முருங்கைக்காய், மிளகாய்த்தூள் போன்றவற்றைத் தமிழ்க்கடையில் வாங்குகிறோம். மார்க்கத்தில் வசிக்கும் என் மைத்துனரின் வீட்டில் ஐந்து பேர். ஆண்டுக்கட்டணம் கட்டி உறுப்பினரானவர்கள் மொத்த அளவில் சாமான் வாங்கும் கொஸ்ட்கோ கடையின் அட்டை இல்லாமல் கனடாவில் குடும்பம் நடத்துவது வீண்செலவு என்று அவர் காணும்போதெல்லாம் சொல்கிறார். மேல்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் ஐயாவோ, ஐம்பது டொலருக்கு வாங்க நினைத்துப் போனவர் முந்நூறு டொலர்ச் சாமானோடு திரும்பும் இடம் அது என்று எச்சரிக்கிறார். இருவரும் எங்கள் நன்மை கருதியே சொல்கிறார்கள் என்பதால் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை.

அடிப்படை அட்டைக்கு ஆண்டுக்கு 65 டொலர். ஒன்ராறியோவின் 13 வீத எச்.எஸ்.ரி. வரியையும் சேர்த்தால் 73 டொலர் 45 சதம் ஆகிறது. எங்கள் குளிர்சாதனப் பெட்டி சிறியது. மேல்தட்டுப் பிரீசரில் இரண்டு கோழியும் ஒரு மீன் பொதியும் வைத்தால் வேறு எதற்கும் இடமில்லை. பழைய கார் ஒன்று இருக்கிறது, மாதம் இரண்டு தடவை பெற்றோல் அடிக்கிறோம். இப்படியான ஒரு வீட்டுக்கு அந்தப் பணம் மீளுமா? மீளும் என்றால் எந்தச் சாமானில் மீளும்? அட்டை எடுப்பதற்கு முன்னரே அதைக் கணக்கிட்டு அறிய வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: இணுவிலாள்

தம்பி, நான் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த அட்டையை வைத்திருப்பவள். முதலாவது ஆண்டில் எனக்கு நட்டமே ஏற்பட்டது. அது ஏன் என்று சொன்னால் உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

அப்போது மூத்த பிள்ளை மட்டும். உங்களைப் போலவே மூன்று பேர். எதை எடுத்தாலும் அளவுக்கணக்கில் மலிவாகத் தெரிந்ததால் எல்லாவற்றையும் வாங்கினேன். அரைக் கிலோ அளவுள்ள கீரைப் பெட்டி ஒன்றை ஒவ்வொரு முறையும் தூக்கி வருவேன். இரண்டு நாள் வறையும் பருப்பும் செய்வோம். நாலாம் நாள் மூடியைத் திறந்தால் அடியிலிருந்த இலைகள் கறுத்துக் குழைந்து, பெட்டியின் மூலையில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கும். பன்னிரண்டு பன் உள்ள பொதியில் ஐந்து பூஞ்சணம் பிடித்துப் போகும். எறியும்போது மனம் நோகுமே தவிர, அந்த இழப்பை நான் ஒருநாளும் காசாக எண்ணிப் பார்க்கவில்லை.

ஆண்டு முடிவில், அட்டையைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்ற கேள்வி வந்தபோது, சேர்த்து வைத்திருந்த பற்றுச்சீட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். வாங்கியவற்றுள் எதைக் கெடாமல் முழுதாக முடித்தோமோ அதற்கு எதிரே பேனையால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போனேன். ஏறத்தாழ நாற்பது வகைச் சாமானில் ஒன்பதுக்கு மட்டுமே புள்ளி விழுந்தது. டயப்பர், குழந்தைக்கான ஈரத் துடைப்புத்தாள், சலவைத் திரவம், கழிப்பறைத் தாள், சமையல் எண்ணெய், உரித்த உள்ளி, வெங்காயம், முட்டை, கோழித்தொடை ஆகியவையே அவை. பழுதாகும் என்ற பயமே இல்லாத ஐந்து சாமான்கள் அந்த ஒன்பதுக்குள் இருப்பதைக் கவனியுங்கள். அன்றிலிருந்து பெரும்பாலும் அந்த ஒன்பதுக்காகவே போகிறேன்; பிள்ளைகள் வளர வளரப் பட்டியலில் பாலும் வாழைப்பழமும் சேர்ந்தன.

அட்டை எடுப்பதற்கு முன்னரே கணக்கிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், நிச்சயமாகக் கணக்கிடலாம். நாலு கிழமைக்கு ஒரு கொப்பியில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு சாமானின் விலையையும் அளவையும் எழுதுங்கள். பிறகு உங்கள் மைத்துனரிடம் அவருடைய கடைசி இரண்டு பற்றுச்சீட்டுகளை வாங்கி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சாமான்களை மட்டும் எடுத்து, 100 கிராமுக்கு எவ்வளவு, ஒரு டயப்பருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பெட்டியின் மொத்த விலையைப் பார்த்து மலிவு என்றோ விலை என்றோ முடிவு செய்யாதீர்கள். அங்கே பெட்டிகள் பெரியவை. நோ ஃப்ரில்ஸ் பெட்டியோடு நேருக்கு நேர் ஒப்பிட்டால் கண் ஏமாந்துவிடும்.

உங்களுக்கு முதலாவதாகப் பார்க்க வேண்டியது டயப்பர். குழந்தை ஒரு நாளைக்கு ஏழு டயப்பர் பாவித்தால் மாதம் 210 ஆகிறது. ஒன்றுக்கு 5 சதம் குறைவாகக் கிடைத்தாலே மாதம் 10 டொலர் 50 சதம் மிஞ்சும். அட்டைச் செலவை மாதத்துக்குப் பிரித்தால் 6 டொலர் 12 சதம்தான். ஆகவே குழந்தை டயப்பர் கட்டும் காலம் முழுவதும் அந்த ஒரு சாமானே அட்டைக்கான பணத்தைத் தந்துவிடக்கூடும். ஆனால் மற்றக் கடைகளில் டயப்பர் மலிவு விற்பனைக்கு வரும் கிழமைகளில் இந்த வேறுபாடு முற்றாக மறைந்துவிடும். ஃபிளிப் செயலியில் பல கடைகளின் விளம்பரத் தாள்கள் கிடைக்கும். நோ ஃப்ரில்ஸில் இன்னொரு சூப்பர்மார்க்கட்டின் விளம்பர விலையைக் காசாளரிடம் காட்டினால் அதே சாமானை அதே விலைக்குத் தருவார்கள். இதைப் பொறுமையாகச் செய்யக்கூடியவர் நீங்கள் என்றால் உங்கள் கணக்கில் அந்த மலிவு விலையையே போட வேண்டும். அதுதான் நேர்மையான ஒப்பீடு.

டயப்பர் வாங்கும்போது இன்னொன்றையும் மனத்தில் வைத்திருங்கள். எட்டு மாதக் குழந்தை விரைவில் அடுத்த அளவுக்கு மாறிவிடும். இரண்டு பெரிய பெட்டிகளை ஒன்றாக வாங்கிவிட்டு, தொடையில் சிவப்புக் கோடு விழத் தொடங்கிய பிறகும் பெட்டி முடியவில்லையே என்று கட்டிக்கொண்டிருக்க நேரும். ஒரு பெட்டி முடியும் தறுவாயில் அடுத்ததை வாங்குங்கள்.

அழுகும் சாமானுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரு பொருள் அங்கே நூற்றுக்கு 25 வீதம் மலிவு என்றால், அதில் காற்பங்கை நீங்கள் எறிந்துவிட்டாலே விலை சமமாகிவிடும். அதற்கு மேல் எறிந்தால் நட்டம். பாதிக் கீரையை எறிந்த நான், அடுத்த கடையில் கொடுப்பதைவிடக் கூடுதலான விலை கொடுத்தே மீதிப் பாதியைச் சாப்பிட்டிருக்கிறேன்.

பிரீசர் சிறியது என்பது உங்கள் வீட்டில் உள்ள பெரிய தடை. கோழித்தொடைப் பொதி வாங்கினால் நான் அன்று மாலையே மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, ஒரு கறிக்கு ஆறு துண்டு என்ற கணக்கில் பைகளில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றித் தட்டையாகப் பரப்பி, மேலே திகதி எழுதி அடுக்குவேன். தட்டையாக உறைந்த பைகள் புத்தகங்களைப் போல நிமிர்ந்து நிற்கும். உருண்டையாக உறைந்தால் பிடிக்கும் இடத்தில் அரைவாசிதான் அவற்றுக்குத் தேவைப்படும். உள்ளியை இஞ்சியோடு அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி, உறைந்த பின் கட்டிகளைப் பையில் போட்டு வைப்பேன். ஒரு கறிக்கு ஒரு கட்டி போதும். ஆனால் உங்கள் பிரீசரில் மீனுக்கே இடம் இல்லை என்றால், முதல் ஆண்டில் இறைச்சிப் பக்கம் போகாமல் அழுகாத சாமானோடு நின்றுகொள்வது நல்லது.

கொஸ்ட்கோவின் பெற்றோல் நிலையத்தைப் பற்றிப் பலர் பெரிதாகச் சொல்வார்கள். ஒரு லீற்றருக்கு 6 சதம் குறைவு என்று வைத்துக்கொண்டால், 40 லீற்றர் அடிக்கும்போது 2 டொலர் 40 சதம் மிஞ்சுகிறது. அதற்காக மட்டும் போகவரப் பத்துக் கிலோமீற்றர் கூடுதலாக ஓடினால், பழைய கார் 100 கிலோமீற்றருக்கு 9 லீற்றர் குடிக்குமானால், கிட்டத்தட்ட ஒரு லீற்றர் வழியிலேயே போய்விடும். லீற்றர் 1 டொலர் 50 சதம் என்றால் உங்கள் கையில் மிஞ்சுவது ஒரு டொலர் மட்டுமே. அதுவும் வரிசையில் காத்து நின்ற பிறகு. வேலைக்குப் போகும் வழியிலேயே அந்தப் பெற்றோல் நிலையம் இருந்தால் முழுப் பணமும் இலாபம். இல்லாவிட்டால் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

பதில்: வல்வைமைந்தன்

நானும் மனைவியும் இருவர் மட்டும். பிள்ளைகள் வெவ்வேறு நகரங்களில் இருக்கிறார்கள். நான் கார் ஓட்டுவதை நிறுத்தியபின் ஓராண்டு பஸ்ஸில் போய் வந்து பார்த்தேன். வார்டன் வீதியில் 24 சுருள் கழிப்பறைத் தாளையும் ஒரு எண்ணெய்க் கலனையும் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு பனியில் நின்ற ஒரு மாலைப்பொழுதோடு அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். எங்கள் வயதில் இரண்டு பேருக்கு அது தேவையில்லை என்பதே என் அனுபவம்.

ஆயினும் ஒரு பயனுள்ள செய்தியைச் சொல்லவேண்டும். அங்குள்ள மருந்தகத்தில் மருந்துச்சீட்டுக்கு மருந்து வாங்குவதற்கு ஒன்ராறியோவில் உறுப்பினர் அட்டை தேவையில்லை. வாசலில் மருந்தகத்துக்குப் போவதாகச் சொன்னால் உள்ளே விடுவார்கள். மருந்து வழங்கும் கட்டணம் பல மருந்தகங்களில் இருப்பதைவிட அங்கே குறைவு. வேலையிடத்தில் மருந்துக் காப்புறுதி இல்லாத புதியவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. அட்டை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இந்த நன்மை உங்களுக்கு உண்டு.

பதில்: நெடுந்தீவான்

நான் ஒன்பது ஆண்டுகள் ஒரு சிறிய எடுத்துச்செல்லும் உணவுக்கடை நடத்தியவன். ரோல்ஸுக்கும் கொத்து ரொட்டிக்கும் வேண்டிய எண்ணெய், மா, முட்டை, வெங்காயம் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிப் பழகியவன் என்ற முறையில், அந்தக் கடை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அது விளங்கினால், யாருக்கு அங்கே இலாபம் என்பதும் தானாகவே விளங்கும்.

இந்த முறையைத் தொடங்கியவர் சொல் பிரைஸ் என்பவர். 1976இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், முன்பு விமானங்கள் நிறுத்தப்பட்ட ஒரு கொட்டகையில் பிரைஸ் கிளப் என்ற பெயரில் அதைத் திறந்தார். முதலில் அது சிறு வியாபாரிகளுக்காகவே திறக்கப்பட்டது; என்னைப் போன்ற உணவுக்கடைக்காரர்களும் சில்லறைக் கடைக்காரர்களும் ஆண்டுக்கட்டணம் செலுத்திவிட்டு மொத்த விலைக்கு வாங்கிக்கொண்டு போகும் இடமாக அது இருந்தது. பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கும் கதவு திறந்தது. 1983இல் சியாட்டிலில் ஜேம்ஸ் சினிகல், ஜெஃப்ரி பிரொட்மன் இருவரும் கொஸ்ட்கோவைத் தொடங்கினார்கள். இரண்டு நிறுவனங்களும் 1993இல் ஒன்றாயின. வியாபாரிக்காக உண்டாக்கிய கடை என்பதால்தான் இன்றும் அங்கே எல்லாப் பொதியும் வியாபாரியின் அளவில் இருக்கிறது. மூன்று பேர் உள்ள வீட்டின் அளவை நினைத்து யாரும் அதை அமைக்கவில்லை.

ஒரு சாதாரண சூப்பர்மார்க்கட்டில் முப்பதினாயிரம் வகைச் சாமான் இருக்கும் என்றால், அங்கே ஏறத்தாழ நாலாயிரம் வகைதான் இருக்கும். கெச்சப் என்றால் ஒரு வகை அல்லது இரண்டு வகை. வகை குறைவாகவும் அளவு பெரிதாகவும் இருப்பதால் உற்பத்தியாளரிடம் விலையைக் குறைத்துப் பேச முடிகிறது. லொறியில் வந்த மரத்தட்டோடு அப்படியே கொண்டுவந்து வைப்பதால் அடுக்கும் கூலியும் குறைகிறது. வாங்கிய விலைக்கு மேல் வைக்கும் இலாபத்துக்கும் அவர்கள் ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்கள்: மற்ற நிறுவனங்களின் சாமானுக்கு 14 வீதம், தங்களுடைய கேர்க்லண்ட் பெயரில் விற்பவற்றுக்கு 15 வீதம். சில்லறை வியாபாரத்தில் இருந்தவருக்குத்தான் அது எவ்வளவு குறைவு என்று தெரியும். என் கடையில் அந்த இலாபத்துக்கு விற்றிருந்தால் வாடகைகூடக் கட்டியிருக்க முடியாது.

அப்படியானால் அவர்களுக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி உங்கள் அட்டையிலிருந்துதான். 2024 நிதியாண்டில் உறுப்பினர் கட்டணமாக மட்டும் 480 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டின் செயற்பாட்டு இலாபம் ஏறத்தாழ 930 கோடி. ஆக, நீங்கள் கடைக்காரரின் இலாபத்தில் ஒரு பங்கை வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போகிறீர்கள். மாதம் ஐந்நூறு டொலருக்கு வாங்கும் வீட்டுக்கு அந்தப் பங்கு மிகச் சிறியது. மாதம் நாற்பது டொலருக்கு வாங்கினால், ஆண்டுக்கு 480 டொலர்ச் சாமானுக்கு 73 டொலரைச் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். அது நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல். அந்த மலிவில் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சப்போவதில்லை. புலோலியூரான் தம்பி முதலில் பார்க்க வேண்டியது, அங்கே மாதம் எவ்வளவுக்கு வாங்குவோம் என்பதைத்தான்.

வீட்டுக்காரர் ஐயா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. தொலைக்காட்சியும் நகைப்பெட்டியும் உடுப்பும் வாசலில் இருக்கும். பாலும் முட்டையும் இறைச்சியும் கடைசிச் சுவரோடு இருக்கும். பால் எடுக்கப் போகிறவர் முழுக் கடையையும் கடந்தே போகவேண்டும். இன்று கண்ட பொருள் அடுத்த கிழமை இருக்காது என்ற எண்ணமும் கையை நீட்ட வைக்கும். நான் கடைக்கு வாங்கப் போகும் நாட்களில் சட்டைப்பையில் பட்டியலை வைத்துக்கொண்டு, வண்டியை உள்ளே தள்ளியதும் நேரே பின்சுவருக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது வண்டி நிறைந்திருப்பதால் வேறு எதையும் தூக்கி வைக்க இடம் இருக்காது.

விலைச்சீட்டைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். சதத்தில் 97 என்று முடியும் விலை பெரும்பாலும் தள்ளுபடி செய்து முடித்துவிட நினைக்கும் பொருளுக்கு உரியது. சீட்டின் வலது மேல்மூலையில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்தப் பொருள் மறுபடி தருவிக்கப்படாது என்று பொருள். பிள்ளைக்குப் பழகிய பால்மாவிலோ துடைப்புத்தாளிலோ அந்தக் குறியைக் கண்டால் முன்கூட்டியே வேறு ஒழுங்கு செய்யலாம்.

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தேர்மோஸ் வீதியில் 2017இல் திறக்கப்பட்ட வியாபாரிகளுக்கான கொஸ்ட்கோவுக்குச் சாதாரண அட்டையோடும் போகலாம். உணவுக்கடைகளுக்கு வேண்டிய பெரிய அளவுகளே அங்கு கூடுதலாக இருக்கும். திருவிழாவுக்கோ பிள்ளையின் பிறந்தநாளுக்கோ நூறு பேருக்குச் சமைக்கும்போது எண்ணெயும் வெங்காயமும் காகிதத் தட்டும் அங்கு வாங்கினால் வேறுபாடு தெரியும். அன்றாடச் சமையலுக்கு அது வேண்டாம்.

புலோலியூரான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இணுவிலாள் அக்கா சொன்னபடி கொப்பி ஒன்று வாங்கி எழுதத் தொடங்கிவிட்டேன். மைத்துனரிடமிருந்தும் இரண்டு பற்றுச்சீட்டுகள் கிடைத்தன. எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாக ஆறு சாமான்களே தேறின: டயப்பர் (அவருடைய கடைசிப் பிள்ளைக்கு), துடைப்புத்தாள், சலவைத் திரவம், எண்ணெய், முட்டை, வெங்காயம். முட்டையில் வேறுபாடு மிகச் சிறியது. துடைப்புத்தாளில்தான் நான் எதிர்பாராத அளவுக்குப் பெரிய வேறுபாடு இருந்தது.

இரண்டு சந்தேகங்கள் எழுந்துள்ளன. ஆண்டுக்கு 130 டொலர் கட்டும் எக்ஸிகியூட்டிவ் அட்டையை எடுத்தால் வாங்கும் தொகையில் 2 வீதம் திரும்பக் கிடைக்கும் என்று மைத்துனர் சொல்கிறார். எங்களுக்கு அது பொருந்துமா? தன்னுடைய அட்டையையே கொண்டுபோய் வாங்கிக்கொள்ளும்படியும் அவர் சொல்கிறார். அது சரியா என்று மனைவி கேட்கிறாள். எனக்கும் தயக்கமாகவே இருக்கிறது.

பதில்: இணுவிலாள்

தங்கை கேட்டது சரியான கேள்வி. அட்டை அதில் படம் உள்ளவருக்கு மட்டுமே உரியது; இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. வாசலில் அட்டையை ஸ்கான் செய்யும்போது படமும் திரையில் வரும், இன்னொருவரின் அட்டையோடு போனால் எல்லார் முன்னிலையிலும் திருப்பி அனுப்பப்படுவீர்கள். அந்தச் சங்கடம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் முறையான வழி ஒன்று இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் தன்னோடு இரண்டு பேரை விருந்தினராக அழைத்துச் செல்லலாம். பணத்தை மட்டும் உறுப்பினரே கட்டவேண்டும். மைத்துனர் போகும் நாளில் நீங்களும் போய், உங்கள் பங்கை வீட்டுக்கு வந்து அவரிடம் கொடுத்துவிடலாம். வெங்காயப் பையையும் முட்டைத் தட்டையும் இரண்டு வீட்டுக்கும் பிரித்துக்கொண்டால் அழுகும் பிரச்சினையும் தீரும். நானும் என் தங்கையும் ஆறு ஆண்டுகள் அப்படித்தான் செய்தோம். எங்கள் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தரிப்பிடத்திலேயே பத்து இறாத்தல் வெங்காயத்தை இரண்டு பைகளில் பங்கிட்ட நாட்கள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன.

உங்கள் பெயரில் அட்டை எடுத்தால், அதே முகவரியில் வசிக்கும் இன்னொருவருக்கு மேலதிகக் கட்டணம் இல்லாமல் இரண்டாவது அட்டை தருவார்கள். அதை மனைவியின் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். மைத்துனர் வேறு முகவரியில் இருப்பதால் அவருடைய இரண்டாவது அட்டை உங்களுக்கு உரியதல்ல.

எக்ஸிகியூட்டிவ் அட்டை இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். வரியோடு சேர்த்தால் அது 146 டொலர் 90 சதம். அடிப்படை அட்டையைவிட 73 டொலர் 45 சதம் கூடுதல். 2 வீதக் கழிவால் அந்தக் கூடுதல் பணம் மீள வேண்டுமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,670 டொலருக்கு, அதாவது மாதம் 306 டொலருக்கு நீங்கள் அங்கே வாங்க வேண்டும். பலர் 65ஐ வைத்துக் கணக்குப் பார்த்து 3,250 போதும் என்கிறார்கள்; கட்டணத்துக்கு வரி கட்டுகிறோம் என்பதையும், 2 வீதம் வரிக்கு முந்திய விலைக்கே கிடைக்கிறது என்பதையும் அவர்கள் விட்டுவிடுகிறார்கள். பெற்றோலுக்கு அந்தக் கழிவு கிடையாது. உங்கள் ஆறு சாமானுக்கு அந்தத் தொகை ஒருபோதும் வராது. ஐந்து பேர் உள்ள உங்கள் மைத்துனருக்கு அது பொருந்தியிருக்கலாம்.

பணம் கட்டும் முறையையும் கவனியுங்கள். கனடாவில் அவர்களின் கடைகளில் கடனட்டை என்றால் மாஸ்டர்கார்ட் மட்டுமே செல்லும். வங்கி டெபிட் அட்டையும் காசும் செல்லும். புதிதாக வந்தவர்களிடம் விசா அட்டை மட்டும் இருந்து, வண்டி நிறைந்த பிறகு காசாளரிடம் நின்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: நெடுந்தீவான்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அட்டை திருப்தியில்லை என்றால் எந்நேரமும் இரத்துச் செய்து முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம் என்பது அவர்களுடைய எழுதப்பட்ட வாக்குறுதி. ஓராண்டு வாங்கி முடித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்கும் எண்ணத்தோடு யாரும் சேரக் கூடாது, அது நியாயமில்லை. ஆனால் உண்மையான எண்ணத்தோடு சேர்ந்து, மூன்று மாதம் கொப்பியில் எழுதிப் பார்த்து, உங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், சேவை மேசையில் போய்ச் சொல்வதற்கு வெட்கப்படத் தேவையில்லை. அதற்காகத்தான் அந்த வாக்குறுதியை வைத்திருக்கிறார்கள்.

கார் பழையது என்கிறீர்கள். பனிக்காலத்துக்கு நாலு டயர் வாங்கும் எண்ணம் இருந்தால் அந்த ஆண்டில் அட்டை எடுப்பது நல்லது. அங்கே வாங்கிய டயர்களை இடம் மாற்றி மாட்டுவதும், சமப்படுத்துவதும், ஓட்டை விழுந்தால் ஒட்டித் தருவதும் டயரின் ஆயுள் முழுவதும் விலைக்குள்ளேயே அடங்கும்.

புலோலியூரான்

நாலு கிழமைக் கணக்கு நேற்றிரவு முடிந்தது. ஆறு சாமானையும் அங்கே வாங்கியிருந்தால் மாதம் ஏறத்தாழ 17 டொலர் மிஞ்சியிருக்கும். அதில் 13 டொலர் டயப்பரிலும் துடைப்புத்தாளிலும் மட்டுமே. அட்டையின் மாதச் செலவைக் கழித்தால் பதினொரு டொலருக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். குழந்தை டயப்பரை விட்டதும் இந்தக் கணக்கு நிற்காது என்று மனைவி சொன்னாள். அவள் சொன்னது உண்மை. ஆகையால் இந்த மாதம் மைத்துனரோடு விருந்தினராகப் போய் வருவது, டயர் மாற்றும் ஐப்பசி மாதத்தில் அடிப்படை அட்டையை எடுப்பது, குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது கொப்பியை மறுபடி திறந்து பார்ப்பது என்று இருவரும் தீர்மானித்திருக்கிறோம்.

சனிக்கிழமை காலை மார்க்கத்துக்குப் போகிறோம். பட்டியலில் ஐந்து சாமான் மட்டும் எழுதியிருக்கிறேன். முட்டையை நோ ஃப்ரில்ஸிலேயே வாங்கிக்கொள்வோம். உரித்த உள்ளியையும் சேர்க்கலாம் என்று மனைவி கேட்கிறாள். அக்கா, அந்த ஐஸ் தட்டில் உறைய வைத்த உள்ளி இஞ்சிக் கட்டிகள் எத்தனை மாதம் வாசம் போகாமல் இருக்கும்? பிரீசரில் மற்றச் சாமானுக்கு அந்த வாடை ஏறாமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில்: இணுவிலாள்

மூன்று மாதம் வரை நான் தயங்காமல் பாவிக்கிறேன், தம்பி. அரைக்கும்போது தண்ணீர் விடாமல் ஒரு கரண்டி எண்ணெயும் சிறிது உப்பும் சேர்க்கச் சொல்லுங்கள். உறைந்த கட்டிகளை ஒரு பையில் போட்டு, அந்தப் பையை மூடி உள்ள போத்தலுக்குள் வைத்தால் வாடை வெளியே வராது. ஐஸ் தட்டில் மட்டும் அந்த வாசம் போகவே போகாது. அதற்கென்று தனியாக ஒரு தட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.